நிரல் இல்லாத பந்து

சங்கரன்கோவில் தெருக்களில் இரைச்சலிடும் விசைத்தறிக்கு யாரும் நிரல் எழுதித் தருவதில்லை. நாடா எப்போது பாய வேண்டும் என்பதைத் தண்டும் சக்கரமும் பூட்டப்பட்ட விதமே தீர்மானிக்கிறது. 1972இல் அடாரி நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் வடிவமைத்த ‘பாங்’ என்ற மட்டை-பந்து வீடியோ விளையாட்டும் அந்த வகைதான். அதில் மைக்ரோபிராசசர் கிடையாது. லாஜிக் சிப்புகளின் இணைப்புதான் விளையாட்டு.

ஆகவே, பழைய விளையாட்டை இன்றைய கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர் மென்பொருளை எழுதுபவர் நகலெடுக்க அதில் ஒரு வரி நிரல்கூட இல்லை. சர்க்யூட் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கேட்டையும், கவுண்டரையும், ஃபிளிப்ஃபிளாப்பையும், சிக்னல் கடக்க எடுக்கும் நானோ வினாடித் தாமதத்தோடு மென்பொருளில் மறுபடி பிணைக்க வேண்டும். ‘டைஸ்’ எமுலேட்டர் செய்வது இதைத்தான். பாங்கின் கடிகாரம் நொடிக்குச் சுமார் 70 லட்சம் முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பையும் மென்பொருளில் கணக்கிடுவது வேகமான கணினிக்கே கனத்த வேலை. இதை எழுதுபவரின் பொறுமையை நான் வணங்குகிறேன்.

பலனைப் பாருங்கள். பாங்கில் மட்டை திரையின் மேல்விளிம்புவரை போகாது. அது சர்க்யூட்டின் குறை. தேர்ந்தவர்கள் ஆடினால் ஆட்டம் முடியாமல் நீளுமே என்று அல்கார்ன் அதைத் திருத்தாமல் விட்டார். சிப்புகளைச் சரியாகப் பிணைத்தால் அந்த இடைவெளி தானாகவே வந்துவிடுகிறது, யாரும் எழுதிச் சேர்க்காமலே. பந்தின் ஒலியும் அப்படித்தான்: திரையை ஒழுங்குபடுத்தும் சர்க்யூட்டில் ஏற்கெனவே ஓடிய சிக்னலிலிருந்து அல்கார்ன் எடுத்துக்கொண்டது அது.