மூலையில் ஒரு துளை

எண்ணூர் பக்கம் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் பெட்டியின் மூலைக்குத்தான் போகும். எட்டு மூலையிலும் எஃகு வார்ப்பு. அதில் நீள்வட்டத் துளை. லாரித் தளத்திலிருந்து ஒரு பூட்டுக்கொண்டை அதற்குள் நுழைந்து கால்வட்டம் திரும்பினால் போதும், இருபது டன் பெட்டி அசையாமல் இறுகிவிடும். கிரேன் பிடித்துத் தூக்குவதும், கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி அடுக்குவதும் அதே துளைகளை வைத்துத்தான். எவ்வளவு எளிமை!

1956 ஏப்ரலில் அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலில் 58 பெட்டிகளை அனுப்பினார். இந்த மூலைப் பூட்டை வடிவமைத்தவர் அவருடைய பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். அதன் காப்புரிமையை மெக்லீன் எல்லோருக்கும் திறந்துவிட்டதால்தான் ஷாங்காய்ப் பெட்டி சென்னை லாரியிலும் பொருந்துகிறது. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

எடைக்கும் தூரத்துக்கும் கணக்குப் பார்த்தால், விமானத்தைவிட இந்தப் பெட்டிகளைச் சுமக்கும் கப்பல் பல மடங்கு குறைவாகவே புகை விடுகிறது. ஆனால் எங்கும் பொருந்தும் பெட்டி தந்த மலிவே சரக்கைப் பெருக்கியது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களுடையது. புகை மட்டுமா? 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. பெட்டிகளிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் நீர்கொழும்புக் கரை மணலில் கலந்தன. மீன்பிடிக்கத் தடை வந்தது. ஆட்கள் சல்லடையோடு கடற்கரையில் உட்கார்ந்து, பிடி பிடியாக மணலைச் சலித்தார்கள்.