கரீபும் கராயிபும்: இப்னு பதூதாவின் வட இந்தியப் பாதை

பயண நூல்களை நாம் இரண்டு விதமாக வாசித்துப் பழகிவிட்டோம். சொன்னதையெல்லாம் சான்றாகக் கொள்வது ஒன்று. ஒரு பிழை கண்டதும் முழுவதையும் கட்டுக்கதையென ஒதுக்குவது மற்றொன்று. இப்னு பதூதாவின் 'ரிஹ்லா' இவ்விரண்டுக்கும் நெடுங்காலமாக இலக்காகி வந்துள்ளது. இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் இதைப் பேசுகிறார். இந்திய சுல்தானைப் பற்றிய செய்திகளை மக்கள் நம்ப மறுத்தபோது, அமைச்சர் ஃபாரிஸ் பின் வத்ரார் அவருக்கு ஓர் உவமை சொன்னாராம். சிறையில் வளர்ந்த சிறுவனுக்குத் தந்தை ஆட்டை வருணிக்கிறார். எலியைத் தவிர வேறு விலங்கைக் கண்டிராத அவன் ஆட்டையும் எலியைப் போலவே எண்ணிக்கொள்கிறான். கண்டிராத ஒன்றைப் பொய்யென்பது எளிது என்பதே அதன் பொருள்.

அப்படியாயின் எதை நம்புவது? நூலின் வட இந்தியப் பகுதியே இதற்கு விடை தருகிறது என்பது நம் கருத்து.

1304இல் தன்ஜா நகரில் பிறந்த இப்னு பதூதா, ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாளில், அதாவது 1333 செப்டம்பரில், சிந்து நதியை வந்தடைந்தார். முல்தான் வழியே டெல்லிக்குச் சென்ற அப்பயணத்தில் அவரை வியக்க வைத்தவற்றுள் அஞ்சல் முறை முதன்மையானது. ஒரு மைலுக்கு மூன்று நிலைகள். செம்பு மணிகள் கட்டிய கோலுடன் ஓடும் தூதன். ஐம்பது நாள் பயணத் தொலைவை ஐந்தே நாளில் கடக்கும் செய்தி. அயல்நாட்டார் யார் வந்தார், என்ன உடுத்தியிருந்தார் என்பதெல்லாம் அவ்வழியே சுல்தானை முன்னதாகவே எட்டிவிடும். பயணி நாட்டைப் பார்க்கும் முன்பே நாடு பயணியைப் பார்த்துவிடுகிறது.

முஹம்மது பின் துக்ளக் அயல்நாட்டாரை 'அஸீஸ்' என அழைக்கும்படி ஆணையிட்டிருந்தார். 'மதிப்புக்குரியவர்' என்பது அச்சொல்லின் பொருள். சுல்தானுக்குக் காணிக்கை வாங்க வணிகர் கடன் கொடுப்பர். சுல்தான் பன்மடங்காகத் திருப்பியளிப்பார். இப்னு பதூதா டெல்லியில் காழியாக நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியம். ஆயினும் அவருடைய கடன் 55,000 தீனாராக ஏறியது. இத்தகைய விருந்தாளி கண்ட இந்தியா, அரண்மனை வாசலிலிருந்து தெரியும் இந்தியாவே. சீனப் பேரரசருக்கு அனுப்பிய அன்பளிப்புகளை வரிசைப்படுத்தும்போது, குதிரைகளோடும் துணிகளோடும் சேர்த்து நூறு அடிமை ஆண்களையும் நூறு அடிமைப் பெண்களையும் மனம் உறுத்தாமல் அவர் எண்ணிச் செல்கிறார். இக்குறையை மறைப்பது நூலுக்குச் செய்யும் மரியாதையாகாது. பாபா ஃபரீத் (ரஹ்) மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னர், அஜோதனில் அவரையே சந்தித்ததுபோல் எழுதியிருப்பதும் அத்தகையதே. அவர் கண்டது அப்பெரியாரின் வழித்தோன்றல் ஒருவராகவே இருத்தல் வேண்டும். நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸய் எழுத, 1355இல் முடிந்த நூல் அது. எழுதி வைத்திருந்தவற்றில் ஒரு பகுதியைக் கடற்கொள்ளையில் இழந்ததை அவரே கூறியுள்ளார்.

1342இல் சீனத்துக்கான தூதராக டெல்லியிலிருந்து புறப்பட்டவர், இன்று அலிகர் எனப்படும் கோல் அருகே நிகழ்ந்த சண்டையில் துணைவரைப் பிரிந்து பிடிபட்டார். உடைமைகள் பறிபோயின, கொல்லவும் ஆணை பிறந்தது. காவலிருந்தோருள் இளைஞன் ஒருவன் அவர் மேல் இரங்கி விடுவித்தான். அவர் தம் மேலாடையைக் கொடுக்க, தன் நைந்த நீல ஆடையை அவன் மாற்றாகத் தந்தான். பின்னர்ப் பல நாட்கள் பசியோடு அலைந்தார். கிணற்றில் நீரெடுக்கக் கலமில்லை. தலைத்துணியைக் கயிற்றோடு முடிந்து, செருப்பையே வாளியாக்கினார். கயிறு அறுந்து ஒரு செருப்பு கிணற்றில் வீழ, மற்றதால் மொண்டு குடித்தார்.

அவ்வேளையில் கறுத்த மேனியர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். யாரென்று அவர் கேட்க, வழி தவறியவன் என்றார் இவர். அம்மனிதர் நீரும் கடலையும் சிறிது அரிசியும் தந்து, நடக்க மாட்டாத இவரைத் தோளில் சுமந்தார். கண்விழித்தபோது சுமந்தவரைக் காணவில்லை. ஓர் ஊர் எதிரே இருந்தது. மகிழ்ந்த உள்ளம் என்னும் பொருளில் அவர் தம் பெயரைச் சொல்லியிருந்தார். முன்பு எகிப்தில் ஒரு பெரியார் முன்னுரைத்த தில்ஷாத் இவரே என்று இப்னு பதூதா உணர்ந்தார்.

இதனைக் கராமத் என ஏற்பாரும் களைப்பின் மயக்கம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் நூலின் மதிப்பு இங்கேதான் உயர்கிறது. பதவி, பட்டாடை, பரிவாரம் அனைத்தும் கழன்ற பின்னரே அவர் நாட்டு மக்களை நேருக்கு நேர் காண்கிறார். பகைவர் கூட்டத்தின் இளைஞனது இரக்கத்தையும், பெயரறியா ஏழையின் தோளையும் ஒளிக்காமல் எழுதுகிறார். தம்மைப் பெருமைப்படுத்தாத செய்தியைச் சொல்பவரை நம்பலாம். பின்னர் மதுரையில், தமக்கு உறவினரான சுல்தான் கியாஸுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு, அதை இழிசெயல் என்று அவர் கண்டித்ததும் இதே அளவுகோலில் நிற்கிறது.

அரபியில் 'கரீப்' என்றால் அந்நியர். 'கராயிப்' என்றால் அரியவை, வியப்பானவை. மேற்றிசையைக் குறிக்கும் 'மக்ரிப்' என்பதும் அவ்வேரிலிருந்தே வருகிறது. நூலின் முழுப்பெயரில் 'கராயிப்' உண்டு. மக்ரிபின் கரீப் இந்தியாவின் கராயிபை எழுதினார். ஆனால் அந்நியன் என்பதை அவர் முழுமையாக உணர்ந்தது கோல் அருகே அக்கிணற்றடியில்தான்.

நம் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலையும் அயல்நாட்டார் எழுதியுள்ளனர். மார்க்கோ போலோ அங்கே கண்டவை ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்த கப்பல்கள், அரசனின் செல்வம். ஆற்று நீரில் நெல் விளைத்தவர் அப்பக்கங்களில் இல்லை. நம்மைப் பற்றிய எழுத்தில் நாம் உணரும் இக்குறை, நாம் பிறரைப் பற்றி எழுதும்போதும் நினைவிருக்க வேண்டும். இன்று நெல்லையிலிருந்து டெல்லிக்கும் அஜ்மீருக்கும் செல்லும் நாமும் அங்கே மொழி தெரியாத கரீபுகளே. கோட்டைகளையும் கோபுரங்களையும் படம் பிடித்துத் திரும்புகிறோம். வழியில் தண்ணீர் தந்தவரின் பெயரைக் கேட்டு வந்தோமா என்பதே, இந்நூலை மூடிய பின் நம்மிடம் எஞ்சும் கேள்வி.