93ஆம் எண் மங்கையர்

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்பின் அறிக்கையைத் தோழர்கள் ஒருமுறையேனும் புரட்டிப் பார்க்க வேண்டும். காதற் கதையல்ல, காப்பியமுமல்ல, எண்களால் எழுதப்பட்ட ஏடு. எனினும் நம் நாட்டுப் பெண்ணைப் பற்றி இவ்வளவு துணிச்சலாகக் கற்பனை செய்த ஏடு வேறொன்றை அண்மையில் நான் படித்ததில்லை!

அந்த ஏட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வேலையின்றி, வேலை கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்பவருக்கு 81. வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுவேலையோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீனி சேர்த்து, வீட்டாருக்குத் துணியும் தைப்பவருக்கு 93. இந்தக் கடைசி இரண்டு எண்களுக்குள் அடைபட்டோர் தொழிலாளரும் அல்லர், வேலையற்றோரும் அல்லர். உழைப்போர் பட்டியலுக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அங்கே நிற்பவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

புதுக்கோட்டைச் சீமையின் தைலமரக் காட்டில் சுள்ளி பொறுக்கும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கட்டைத் தலையில் சுமந்து நகரில் விற்றால் அவள் தொழிலாளி. அதே கட்டைத் தன் அடுப்புக்கு எடுத்துச் சென்றால் 93. ஆதனக்கோட்டையில் கூலிக்கு முந்திரி உடைக்கும் கை உழைக்கும் கை. அந்தியில் அதே கை அரிசி களைந்தால் அது கணக்கில் இல்லை. வீட்டுப் பணிப்பெண்ணையே மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் விந்தையை ஆர்தர் பிகு என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1920இல் வெளிவந்த நூலில் சுட்டிக் காட்டினார். நூறாண்டு ஓடிற்று. விந்தையே விதியாக நிலைத்துவிட்டது!

இதே அலுவலகம் 2019இல் மக்கள் நேரத்தைச் செலவிடும் வகையையும் அளந்தது. ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்று ஒரு கை எழுதுகிறது. வேலையில்லை என்று மறு கை எழுதுகிறது.

“ஏன் புலம்புகிறீர்? 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் உழைப்போர் பட்டியலில் நின்றோர் 2017-18இல் நூற்றுக்கு 23.3, 2023-24இல் 41.7. வளர்ச்சியன்றோ?” என்பர் சிலர். வளர்ச்சிதான். ஆனால் அடுத்த அட்டவணையையும் படிக்க வேண்டாமா? வேலையில் உள்ள பெண்களில் மாதச் சம்பளம் பெறுவோர் அதே காலத்தில் 21 விழுக்காட்டிலிருந்து 15.9ஆகத் தேய்ந்தனர். சுயதொழில் என்ற பெயரில் நிற்போர் 51.9இலிருந்து 67.4ஆகப் பெருகினர். 2023-24இல் வேலையிலுள்ள பெண்களில் 36.7 விழுக்காட்டினர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றித் துணைநிற்பவர்கள். கணவன் கடையில் காசின்றி உழைத்தால் ‘வேலையிலிருப்பவள்’. கணவன் வீட்டில் காசின்றி உழைத்தால் 92. இரண்டிடத்திலும் அவள் கையில் கூலி இல்லை. அளவுகோலோ அதைக் கேட்பதே இல்லை. என் குற்றச்சாட்டு இதுதான்.

வேலையின்மைக் கணக்கு இன்னும் சுவையானது. 2023-24இல் ஆண்களுக்கு 3.2 விழுக்காடு, பெண்களுக்கும் 3.2! சமத்துவம் மலர்ந்துவிட்டதாம்! ஆண்களில் நூற்றுக்கு 78.8 பேர் பட்டியலில் நிற்க, பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்ன சமத்துவம் இது.

வெளியே நிற்பவளுக்கு வேலையில் விருப்பமில்லை என்பது உண்மையா? இந்த மாவட்டமே மறுத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. பிறருக்காகக் கல்லுடைத்த பெண்கள் தாமே குத்தகைதாரர் ஆனார்கள். அறிவொளி இயக்கம் அழைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். வழியும் உரிமையும் வந்தபோது வராமல் நின்றார்களா?

கணக்கெடுப்பில் வீட்டார் அனைவருக்கும் ஒருவரே விடை சொல்லலாம். அவளுக்கு வேலை வேண்டுமா என்பதை மாமனாரே சொல்லிவிடலாம். “அம்மா என்ன செய்கிறார்?” என்று வகுப்பில் கேட்டால், “சும்மாதான் இருக்காங்க சார்” என்கிறான் பையன். அவன் கையில் அம்மா கட்டிக்கொடுத்த சோறு. உடம்பில் அம்மா துவைத்த சட்டை. வீட்டில் கற்றதைத்தான் அவன் சொல்கிறான். அதே விடையைத்தான் கணக்கெடுப்பாளரும் எழுதிச் செல்கிறார். அவளைத் தனியே அழைத்து, அவளிடமே இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: நேற்று எத்தனை மணி நேரம் உழைத்தாய்? அதற்கான காசு யார் கைக்குப் போயிற்று?