மழையும் பழியும்

வானம் பொய்ப்பதும் மிகுவதும் மக்களின் ஒழுக்கத்தால் விளைவன என்று தமிழ்ப் புலவர்கள் பாடியதை எடுத்துக்காட்டி, இன்றைய விஞ்ஞானிகள் கூறுவதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பெருமை பேசுவோர் நம் மேடைகளில் உளர். பெருமை இனிக்கத்தான் செய்யும். ஆனால் இலக்கியத்தை ஆராயப் புகுந்தோர் அவ்வினிப்போடு அமைதல் கூடாது. மழை தவறியபோது அந்நூல்கள் பழியை யார் தலையில் ஏற்றின என்பதையும் கேட்டாக வேண்டும்.

திருக்குறளை முதலில் நோக்குவோம். கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்த வள்ளுவர், கொடுங்கோன்மை என்னும் 56-ஆம் அதிகாரத்தில், முறை தவறி ஆளும் அரசனது நாட்டில் மழை பெய்யாது என்கிறார். அதிகாரம் உடையவன் செய்யும் பிழை வானம் வரையில் செல்லும் என்னும் இக்கருத்தில் பொருள் உண்டு. ஆனால் அவரே 6-ஆம் அதிகாரத்தில், கணவனையே தெய்வமாகத் தொழும் மனைவி சொன்னால் மழை பெய்யும் என்றும் கூறுகின்றார். அப்படியாயின் மழை பெய்யாத ஊரில் குற்றவாளி யார்? பெண்! வள்ளுவர் இதை வெளிப்படச் சொல்லவில்லை. ஆனால் ஊரார் அவ்வாறு பொருள் கொள்ள அக்குறள் இடந்தருகின்றது.

சிலப்பதிகாரமோ இன்னும் கொடிய செய்தி ஒன்றைத் தருகின்றது. கோவலன் கொலையுண்டபின் பாண்டிய நாடு மழையின்றி வறுமையுற்றதாம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட, மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கினவாம். இதனைக் கூறும் உரைபெறு கட்டுரை பின்னோர் சேர்த்தது என்று வாதிப்போர் உண்டு. எனினும் அப்பலியை நீர்ப்படைக் காதையும் கூறுகின்றது. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். ஆராயாது ஆணையிட்ட அரசன் ஒருவன். அவ்வரசன் தன் பிழை உணர்ந்து உயிர்விட்டான் என்பது உண்மையே. ஆனால் இந்த ஆயிரவர் செய்த குற்றம் யாது? அவர்களில் ஒருவனுக்கேனும் காப்பியத்தில் பெயரில்லை. அவர்களுக்காகச் சிந்திய கண்ணீரும் இல்லை. கற்பைப் போற்றி உரையெழுதும் நம் புலவர் பெருமக்கள் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வது ஏன்?

இக்கால எழுத்தாளரிடம் வருவோம். வெள்ளம் வந்தால் "இயற்கை அன்னையின் சீற்றம்" என்றும், புகைமூட்டம் சூழ்ந்தால் "மனிதகுலத்தின் பேராசை" என்றும் எழுதிவிடுகின்றனர். முதற்றொடரில் செய்தவன் ஒருவனும் இல்லை. இரண்டாவதில் எல்லாரும் செய்தவர். ஆகவே எவரும் பொறுப்பாளியல்லர். பழைய புலவர் குற்றமற்றவரைப் பலியிட்டனர். புதியவர் குற்றமுடையவரைக் கூட்டத்தில் ஒளித்துவிடுகின்றனர். இரண்டும் அறிவுக்கு ஒவ்வாதன என்பதே நமது கருத்து.

விஞ்ஞானம் இவ்வாறு மழுப்புவதில்லை. நிலக்கரியை எரிப்பதால் வரும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தை உயர்த்தும் என்று சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1896-லேயே கணக்கிட்டார். யந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த அவ்வாயு, 2024-ல் 420-ஐக் கடந்தது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யும் மழை கொட்டும் மழையாகின்றது. மனிதர் செயலே வெப்பம் உயரக் காரணம் என்பதில் ஐயமில்லை என்று உலக நாடுகளின் விஞ்ஞானிகள் குழு 2021-ல் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் வந்த வெள்ளத்தில் ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். இனி இத்தகைய மழையை விதியென்று மட்டும் எழுதுவது அறியாமையாகும்.

செய்தவர் யார் என்பதற்கும் கணக்கு உண்டு. உலக மக்களில் செல்வமிக்க பத்திலொரு பங்கினரே இவ்வாயுவில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணர். புகைமூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1997-லும் 2015-லும் சுமத்திரா, போர்னியோத் தீவுகளிலிருந்து எழுந்த புகை நம்மை மூச்சுமுட்டச் செய்தது. மழை குறைந்த ஆண்டுகள் அவை என்பது மெய். ஆயினும் ஈரமான சதுப்புக் கரிமண் எளிதில் எரியாது. செம்பனைக்கும் காகித மரத்துக்கும் கால்வாய் வெட்டி, நீரை வடித்துக் காய வைத்த பின்னரே அது எரிகின்றது. தீக்குச்சி கிழித்தவன் கூலிக்காரனாயிருக்கலாம். இலாபம் எழுதப்பட்ட பேரேடு வேறிடத்தில் இருக்கும். இதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலாயாவில் காடழித்து ரப்பர் நட்டபோது வேர்வை சிந்தியது நம் பாட்டன்மார். நிலமும் இலாபமும் அவர்களுடையனவல்ல.

சிங்கப்பூரில் 2014-ல் இயற்றப்பட்ட புகைமூட்டச் சட்டம், நிலம் எவர் வசம் இருக்கின்றதோ அவரையே முதலில் பொறுப்பாளியாகக் கொள்கின்றது. இல்லையென்று மெய்ப்பிப்பது அவர் கடன். 2019-ல் அங்குப் பெருந்தொழிற்சாலைகள் மீது, வெளியிடும் வாயு டன் ஒன்றுக்கு 5 வெள்ளி வரி விதிக்கப்பட்டது. 2024-ல் அது 25 வெள்ளியாயிற்று. போதுமா என்பது வேறு. பழியைக் கணக்குப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும் முறை இதுவே. அச்சுமை மின்கட்டணத்தின் வழியே ஏழைக் குடும்பத்தின்மீது இறங்காமற் காப்பதும் அரசின் கடமை; இல்லாவிடில் செழியனின் வேள்வியே புதுவடிவில் நடந்ததாகும்.

நம் பங்கு இல்லையென்று கைகழுவவும் முடியாது. நகரத்தில் குளிர்சாதன அறையிலும் மோட்டார் வண்டியிலும் வாழும் தமிழர், தம் அளவுக்குத் தாமும் பொறுப்பாளிகளே. ஆனால் அளவறிந்து பொறுப்பேற்பது வேறு; அளவின்றி எல்லாரையும் பாவிகளாக்குவது வேறு.

நம் எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த வெள்ளத்தைப் பாடும்போது வானத்தை வையாதீர். தெய்வத்தையும் பெண்ணையும் இழுக்காதீர். ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தவர் யார், மேட்டுக் காட்டை வெட்டியவர் யார், அதனால் ஆதாயம் பெற்றவர் யார் என்று விசாரித்து எழுதுங்கள். ஆயிரம் பொற்கொல்லர் பெயரின்றி மாண்ட காப்பியத்தைப் படித்த நாம், பெயரறிந்து எழுதக் கற்றுக்கொள்வோமாக.