சபையோடு கேட்கும் சங்கீதம்

ராக் சங்கீதத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, திருப்தி ஏற்படும்வரை திரும்பத் திரும்ப வாசித்துத் தயாரிக்கும் தட்டுகள் உண்டு. சபைக்கு முன்னால் பாடியதைப் பிடித்து வைத்த தட்டுகளும் உண்டு. நேர்த்தி முதல் வகையில்தான் அதிகம். ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்கே. அங்கே சபைக்கும் சங்கீதத்தில் பங்கு இருக்கிறது.

1966 மே 17-ந் தேதி மாஞ்செஸ்டரில் பாப் டிலன் செய்த கச்சேரியைக் கேளுங்கள். முற்பகுதியில் ஒற்றை ஆளாகப் பாடுகிறார். சபை பக்தியோடு கேட்கிறது. பிற்பகுதியில் மின்சாரக் கிதார் கோஷ்டியோடு வந்ததும் பலருக்கு ஆத்திரம். பாட்டு தொடங்குமுன் வேண்டுமென்றே கைதட்டித் தொந்தரவு செய்கிறார்கள். கடைசியில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்துகிறார். டிலன் சுடச்சுடப் பதில் சொல்லி, உரக்க வாசிக்கும்படி கோஷ்டியிடம் கூறிவிட்டு, 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டை எடுக்கிறார். அந்த ஒற்றைக் கூச்சல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்கு அன்று அத்தனை வேகம் வந்திருக்குமா? லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற தவறான பெயரோடு வெகுகாலம் திருட்டுத்தட்டாக உலவிய இந்தப் பதிவு, 1998-ல்தான் முறைப்படி வெளிவந்தது.

சபை அன்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1971 மார்ச்சில் ஆல்மன் சகோதரர்கள் கோஷ்டி நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது சாட்சி. 'விப்பிங் போஸ்ட்' என்ற ஒரே பாட்டு சுமார் 23 நிமிஷம் ஓடி, தட்டின் ஒரு பக்கத்தையே நிரப்பிவிடுகிறது. இடையில் சங்கீதம் ஓய்ந்து, தாளம்கூடக் கரைந்து, இனி எங்கே போவது என்று யோசிப்பதுபோல் நிற்கிறது. அப்போது சபை பொறுத்திருக்கிறது. அந்தப் பொறுமைதான் கிதார்க்காரர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. அவர்களில் ஒருவரான டுவேன் ஆல்மன் அதே வருஷம் அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். வயது 24.

பிறகு திருத்தப்பட்ட தட்டுகளை என்ன சொல்வது? தின் லிஸ்ஸி கோஷ்டியின் 1978-ம் வருஷத்துத் தட்டில் பெரும்பகுதி பின்னால் கூடத்தில் வாசித்துச் சேர்த்தது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னார். கோஷ்டியைச் சேர்ந்தவர்கள் மறுத்தார்கள். கேட்க இன்பமாய் இருந்தால் போதாதா என்று சிலர் வாதிப்பார்கள். கதைக்கு அது போதும். நாங்கள் புரூபில் எத்தனை தடவை அடித்துத் திருத்தினாலும் வாசகர் கேள்வி கேட்பதில்லை. ஆனால் 'இன்ன ராத்திரி, இன்ன சபையில் நடந்தது' என்று வாக்குக் கொடுத்து விற்கும் தட்டு அப்படியல்ல. அதில் கை வைத்தால், கைதட்டியவர்கள் கேளாத ஒன்றுக்குக் கைதட்டியதாக ஆகிவிடுகிறது.

1970 பிப்ரவரி 14-ந் தேதி லீட்ஸ் பல்கலைக் கழகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் 'தி ஹூ' கோஷ்டி வாசித்த தட்டின் நடுச் சீட்டில், படபடவென்ற சத்தங்கள் இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று எழுதியிருந்தது. எனக்கு அந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். நல்ல சங்கீதத்தை நம்புகிறவர்கள்தான் அதை எழுத முடியும்.