ஒட்டுறவுக் கணக்கும் வடசென்னையின் புழுதியும்

துறைமுகத்து நிலக்கரி மேடுகளைத் தடவிக்கொண்டு பகற்பொழுதில் வீசும் கடற்காற்று, கொடியில் உலரும் வேட்டியின் மடிப்பிலும், ஜன்னல் கம்பிகளின் மேலும், மூடாமல் வைத்த குடத்து நீரிலும் கரித்தூளைப் படியவைப்பதாக வடசென்னையின் இராயபுரத்து மக்கள் பல்லாண்டுக் காலம் முறையிட்டு வந்தனர். 2011 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளலாகாது என ஆணையிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. இத்தகைய வழக்குகளில், புழுதிக்கும் மூச்சிரைப்புக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி எழுந்தவுடன், படித்தவர்கள் முதலில் கையில் எடுப்பது ஒட்டுறவுக் கெழு என்னும் எளிய கருவியையே. அதன் பலம் எது, அது நம்மைக் கைவிடும் இடம் எது என்பதை இக்கடற்கரையை முன்னிட்டே ஆராய்வது பொருத்தமாகும்.

பிரான்சிஸ் கால்டன் 1888இல் கண்டு, கார்ல் பியர்சன் 1890களில் கணித வடிவம் தந்த இக்கெழு, இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா, ஒன்று ஏற மற்றது இறங்குகிறதா, அன்றி ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் திரிகின்றனவா என்பதை −1 முதல் +1 வரையிலான ஓர் எண்ணால் சொல்லிவிடுகிறது. இதன் பிரதான நன்மை, வெறும் அபிப்பிராயமாக நின்றதைச் சோதிக்கத்தக்க கூற்றாக மாற்றுவதே. வாடைக் காற்று அடித்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தங்கள் பக்கம் வருகிறது என்று எண்ணூர்க் குப்பத்து மீனவர் ஒருவர் சொன்னால், அதைப் புலம்பல் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை, வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மணிக்கும் உரிய காற்றின் திசையையும் தூசியின் அளவையும், ஆலை எரித்த நிலக்கரியின் அளவையும் எழுதி, வாடை வீசிய மணிகளைத் தனியே பிரித்துக் கணக்கிட்டு, அம்மணிகளில் மட்டும் உறவு ஓங்கி ஏனைய மணிகளில் அது மறைந்துபோகுமானால், கடலோரத்து அனுபவ அறிவு கணித அறிவால் வலுப்பெற்றுவிட்டது என்று துணிந்து கூறலாம். விலையுயர்ந்த சாதனம் எதுவுமின்றிச் சாமானியரும் செய்யக்கூடிய சோதனை இது என்பதனாலேயே எனக்கு இம்முறையின்மேல் மிகுந்த மதிப்புண்டு.

ஆயினும் இரண்டும் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதற்கு மீன்பிடித் துறைமுகமான காசிமேடே சாட்சி சொல்லும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்காலத்தில் துறைமுகத்தில் வந்திறங்கும் மீன் குறைந்துபோகிறது. அதே மாதங்களில் கடற்காற்று பலமாக வீசுவதால் நகரத்துக் காற்றில் நுண்துகளும் குறைவு. மார்கழி, தை மாதங்களில் காற்று தேங்கி நிற்க, நுண்துகள் கூடுகிறது. மாதவாரியாக இவ்விரண்டையும் எதிரெதிரே எழுதிக் கணக்கிடும் ஒருவருக்கு, காற்று கெட்டால் மீன் பெருகும் என்ற விபரீத முடிவே கிடைக்கக்கூடும். காலத்தோடு மாறும் வரிசைகளில் இத்தகைய அர்த்தமற்ற உறவுகள் தோன்றுமென்று புள்ளியியலறிஞர் உட்னி யூல் 1926லேயே எச்சரித்தார். அந்தந்த மாதத்தின் வழக்கமான அளவை முதலில் கழித்துவிட்டு, மீந்த ஏற்றத்தாழ்வுகளை மட்டும் ஒப்பிடுவதே இதற்குப் பரிகாரம்.

இன்னொரு குறை, ஒரே ஒரு நாள் கணக்கு முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடுவது. விளக்கத்துக்காக நாமே சில எண்களை அமைத்துக்கொள்வோம்: ஐந்து நாட்களில் தூசியின் அளவு 40, 50, 60, 70, 80, மூச்சிரைப்புடன் மருத்துவமனைக்கு வந்தவர்கள் முறையே 6, 5, 7, 6, 6. கெழு ஏறத்தாழ 0.22, உறவென்று சொல்லத் தகுதியற்ற அளவு. ஆறாம் நாள் தூசி 180 ஆகி, நோயாளிகள் 26 பேர் வந்துவிட்டால் அதே கெழு 0.96க்குத் தாவிவிடுகிறது! சிதறல் விளக்கப்படத்தை ஒருமுறை வரைந்து பார்த்தவர் இதைக் கண்டுகொள்வார். எண்ணை மட்டும் கண்டவர் ஏமாறுவார்.

அதற்காக அந்த ஆறாம் நாளைச் சராசரிக்குள் கரைத்துவிடுவதும் தகாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறித் தெருவில் ஓடினர். அதன்பின் அதிகாலை 3.30 மணியளவில் ஆலையருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. நியமமோ 400, அதுவும் 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. ஒரு கணத்து அளவை நாள் முழுவதற்குமான நியமத்தோடு ஒப்பிடுவதே இடர்ப்பாடு என்றால், அக்கொடிய நேரத்தை மாதச் சராசரிக்குள் புதைத்து நோயோடு உறவு தேடுவது அதனினும் பெரும் பிழை. இடத்தைப் பொறுத்தும் இதுவே உண்மை. இராயபுரத்தின் சுமையை எண்ணூருக்கு மாற்றியபின், நகரம் முழுமைக்கும் ஒரே சராசரி எடுப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தோன்றாது. ஒரு கரையில் குறைந்தது மறுகரையில் கூடியதை அந்த எண் விழுங்கிவிடும்.

எல்லாவற்றினும் எனக்குக் கவலை தருவது, கெழு பூச்சியத்தை அண்டியிருக்கிறது என்ற ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு ஆலைகளுக்கு நற்சான்று வழங்கும் வழக்கம். ஊரார் அனைவரும் நாள்தோறும் இருபது சிகரெட் புகைத்தால், புகைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும் என 1985இல் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் எடுத்துரைத்தார். வேறுபாடு இல்லாத இடத்தில் ஒட்டுறவு தோன்ற வழியில்லை. மணலியை 2009லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வீட்டுக்கு வீடு ஒரே புழுதியைச் சுவாசிப்பவர்களை மட்டும் தமக்குள் ஒப்பிட்டால், தீங்கு எவ்வளவு பெரிதாயினும் கெழு சிறிதாகவே வரும். அளக்கும் கருவி தொலைவில் நின்றாலோ, அரைகுறையாக ஓடினாலோ, அது மேலும் குன்றும். இவ்வாறு குன்றிய எண்ணை ஆலையின் குற்றமின்மைக்கு நிரூபணமாகக் காட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பேன்.

ஆகையால் இப்பகுதிக்கு வேண்டுவது ஒப்பிடுவதற்கு உரிய காலமும் உரிய இடமும். நிலக்கரி இராயபுரத்தை விட்டகன்ற 2011 அக்டோபர், பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் மூடப்பட்ட 2017 மார்ச் இறுதி என்னும் இரு தேதிகளின் முன்னும் பின்னும் கணக்கெடுத்து, அவற்றை ஆலைப்புகை குறைந்த வேறொரு கடலோர ஊரின் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். இனி வரும் நாட்களுக்கோ, ஸ்டான்லி மருத்துவமனையின் வெளிநோயாளி சீட்டில் தெருப்பெயரும் இரைப்பு தொடங்கிய நேரமும் எழுதப்பட்டு, அந்த நேரத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களின் மணிவாரித் தூசிக் கணக்கும் காற்றின் திசையும் அதனருகே வைக்கப்பட்டால், அப்போது வரும் கெழு, உயர்ந்ததாயினும் தாழ்ந்ததாயினும், நீதிமன்றத்தின் முன் வைக்கும் தகுதி உடையதாகும்.