பாக்கெட்டின் பின்பக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்குகிற திருவான்மியூரில்தான் 1997-ல் சுபிக்ஷாவின் முதல் கடை திறந்தது. ஏ.சி. இல்லாத சின்னக் கடை. 'எல்லாமே எம்.ஆர்.பி.க்குக் கீழே' என்ற ஒரே மந்திரம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள் ஆகி, 2009-ல் காசு வற்றி, சம்பளம் நின்று, ஷட்டர் இறங்கிவிட்டது. கடைதான் போனது. அது நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் போகவில்லை. பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் எம்.ஆர்.பி.யைப் பார்ப்பது, அடுத்து அதில் எவ்வளவு குறைத்திருக்கிறான் என்று பார்ப்பது, பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சின்னக் குதூகலம்.

இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரி தாண்டி செங்கல்பட்டு வரைக்கும், இந்தப் பக்கம் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரைக்கும் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கேள்வி மாறிவிட்டது. சுபிக்ஷாவின் பலம், ஊருக்கெல்லாம் தெரிந்த அடுத்தவர் பிராண்டைக் குறைந்த விலைக்கு விற்றது. அதே ஹார்லிக்ஸ்தானே, எங்கே வாங்கினால் என்ன? இப்போது பிராண்டுக்குப் பக்கத்திலேயே, அதே அலமாரியில், கடைக்காரன் தன் சொந்தப் பெயரில் ஒரு பாக்கெட்டை நிறுத்தி வைக்கிறான். டி-மார்ட்டில் பிரீமியா, ரிலையன்ஸில் குட் லைஃப் என்று பெரிய கடைகளுக்கெல்லாம் ஒரு வீட்டுப் பெயர் இருக்கிறது. சின்னக் கடைகள் ஒரு வெள்ளை ஸ்டிக்கரோடு சரி.

மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற என் சித்தி மகன் கேட்டான்: "அண்ணா, மளிகைக்கே சம்பளத்துல கால்வாசி போவுது. கடைப் பேரு போட்டது கம்மியாத்தான் இருக்கு. புள்ளைங்களுக்கு அதைக் குடுக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பொருளுக்குப் பொருள் பதில் வேறு.

முதலில் அந்த எம்.ஆர்.பி. விவகாரம். 'எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை' என்று பாக்கெட்டில் அச்சடிக்கச் சொல்லி 1990-ல் விதி வந்தது. கடைக்காரன் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பதற்காக வந்த விதி. நல்ல விதி. ஆனால் அந்த எண்ணைத் தீர்மானிப்பது யார்? சரக்கைத் தயாரித்து விற்கிறவர். பெரிய பிராண்டுக்கு அந்த எண் ஊரெல்லாம் ஒன்றுதான். செங்கல்பட்டு ராட்டினங்கிணறு கடையிலும் அதேதான், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் வாசலிலும் அதேதான். அதில் எட்டு ரூபாய் குறைத்தால் நிஜமாகவே எட்டு ரூபாய். கடையின் சொந்தப் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. போடுவதும் கடைதான், 'நம்ம விலை' போடுவதும் கடைதான். ஒரே ஆள் கோடு கிழித்து, ஒரே ஆள் தாண்டி, ஒரே ஆள் கைதட்டுகிறார்! ஆகவே கடைச் சரக்கில் 'எம்.ஆர்.பி. 140, நம்ம விலை 99' என்று சிவப்பில் பார்த்தால் அந்த 140-ஐ மறந்துவிடுங்கள். 99-ஐப் பக்கத்து பிராண்டின் விலையோடு ஒப்பிடுங்கள். அவ்வளவுதான் தள்ளுபடி.

அதிலும் எடையைப் பார்த்து ஒப்பிட வேண்டும். முன்பு எண்ணெய், பருப்பு, பிஸ்கட் இதெல்லாம் அரை கிலோ, ஒரு கிலோ என்று விதித்த அளவுகளில்தான் வரவேண்டும். 2022-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு எண்ணெய் உறைகளில் 850 கிராம், 800 கிராம், 750 கிராம் எல்லாம் வந்துவிட்டன. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். உறையைத் தூக்கிப் பார்த்தால் கைக்கு வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, வாணலிக்கு மட்டும் தெரியும். இதற்கு மாற்றாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்றும் விதி செய்தார்கள். போடுகிறார்கள், எறும்பு படிக்கிற எழுத்தில். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். வெட்கப்படாதீர்கள்.

சரி, ருசிக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டிலேயே சோதனை வைத்தோம். செங்கல்பட்டில் ஒரு தள்ளுபடிக் கடையின் சொந்தச் சரக்கு ஆறு, அதே பொருளில் பெரிய பிராண்ட் ஆறு. பாக்கெட்டைச் சித்தி கண்ணில் காட்டாமல், கிண்ணத்தின் அடியில் பேனாவால் எண் எழுதி வைத்தோம்.

சர்க்கரையில் வித்தியாசம் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? ஆலையிலிருந்து மூட்டையில் வருகிற அதே வெள்ளைதான். ரவையிலும் இல்லை. துவரம்பருப்பில் கடைச் சரக்கு கூடுதலாக ஒரு விசில் கேட்டது, குழம்பில் ருசி ஒன்றுதான். (பருப்பு பழசா புதுசா என்பது பெயரைவிட முக்கியம். பாக்கெட் போட்ட தேதியைப் பாருங்கள்.) பிஸ்கட்டில் பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் மேலே இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, 'இது அது இல்ல' என்று நகர்த்திவிட்டார்கள். டீத்தூளில் சண்டையே இல்லை, பிராண்ட் ஜெயித்தது. சாம்பார் பொடியில் சித்தி ஒரு ஸ்பூன் நக்கிவிட்டுச் சொன்னாள்: "இது செவப்பா இருக்குடா, அவ்ளோதான்."

சித்தி சொன்னதில் விஷயம் இருக்கிறது. சர்க்கரை, ரவை போன்றவை ஒரே பொருள். அவற்றில் பெயருக்கென்று ஒரு ரூபாய் கூடக் கொடுத்தாலும் அது விளம்பரத்தில் வருகிற நடிகைக்குப் போகிறது. பொடியும் டீயும் கலவை. எந்த மிளகாய், எவ்வளவு தனியா, எத்தனை நாள் முன் அரைத்தது என்பதெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒளிந்திருக்கிற இடத்தில்தான் மலிவுக்கு வேலை. கொட்டை எடுக்காத புளி மாதிரி, எடை இருக்கும், சரக்கு இருக்காது.

அதற்காக பிராண்ட் என்றால் பரிசுத்தம் என்று கற்பூரம் ஏற்ற வேண்டியதில்லை. 2015 ஜூனில் தமிழக அரசு நான்கு நூடுல்ஸ்களை மூன்று மாதத்துக்கு நிறுத்தியது. அந்தப் பட்டியலில் மேகி இருந்தது. அதே பட்டியலில் ரிலையன்ஸ் கடைகளின் சொந்தச் சரக்கான ரிலையன்ஸ் செலக்ட்டும் இருந்தது. ராஜாவும் சேவகனும் ஒரே பெஞ்சில் நின்ற நாள் அது. மேகி மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், ஆகஸ்டில் நாடு தழுவிய தடையை உடைத்து, மறு பரிசோதனையும் தாண்டி, திரும்பவும் அலமாரிக்கு வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம் எம்.டி.ஹெச்., எவரெஸ்ட் மசாலாக்களில் எத்திலீன் ஆக்ஸைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தச் சொன்னது. இரண்டும் நாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள். பெரிய பெயருக்கும் சறுக்கும். ஆனால் சறுக்கினால் பேப்பரில் வரும், கம்பெனி நஷ்டப்படும், அடுத்த மாதம் கொஞ்சம் பயந்து நடக்கும். பிராண்டுக்கு நாம் கொடுக்கிற கூடுதல் காசில் உருப்படியான பகுதி இந்தப் பயம் மட்டும்தான்.

கடைப் பெயருக்கு அந்தப் பயம் உண்டா? அதற்குப் பாக்கெட்டைத் திருப்ப வேண்டும். முன்பக்கம் மணப்பெண் மாதிரி, பின்பக்கம் ஜாதகம் மாதிரி. 'விற்பனை செய்பவர்' என்று கடை பெயர் இருக்கும். அதற்குப் பக்கத்தில் 'தயாரித்தவர்' அல்லது 'பாக்கெட் செய்தவர்' என்று ஒரு பெயர், விலாசம், 14 இலக்க உணவு உரிம எண். அந்த எண் 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் வாங்கிய மாநில உரிமம், 100 என்றால் மத்திய உரிமம், முதல் இலக்கமே 2 என்றால் உரிமம்கூட இல்லை, சின்னத் தொழிலுக்கான வெறும் பதிவு. பல நேரம் பெரிய பிராண்டுக்குச் செய்து கொடுக்கிற அதே ஆலைதான் கடைக்கும் செய்து கொடுக்கும். அப்போது வாங்கலாம், சந்தோஷமாக. ஆனால் போன மாதம் ஓர் ஆலை, இந்த மாதம் வேறு ஆலை, முன்பக்கம் மட்டும் அப்படியே இருக்கும். போன மாதம் நன்றாக இருந்தது என்பது இந்த மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது. தயாரித்தவர் பெயரே இல்லாத மிளகாய்த்தூளை ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

ஜெர்மனியில் ஆல்டி என்ற கடை பெரும்பாலும் சொந்தப் பெயர்ச் சரக்கை விற்றே உலகம் முழுக்கப் பரவியது. அங்கே இருக்கும் நம் ஆட்கள், "ஆல்டி பாலும் வெண்ணெயும்தான் வாங்குறோம், ஒரு குறையும் இல்லை" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஊரில் 1964-லிருந்து ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்று ஓர் அமைப்பு, கடையில் தானே காசு கொடுத்து வாங்கி, சோதித்து, கடைச் சரக்குக்கும் பிராண்டுக்கும் மார்க் போட்டுப் பத்திரிகையில் வெளியிடுகிறது. அந்தப் பத்திரிகையில் விளம்பரம் கிடையாது. மலிவுச் சரக்கு பலமுறை பிராண்டுக்குச் சமமாக மார்க் வாங்கியிருக்கிறது. மார்க் போட ஆள் இருந்தால் மலிவும் ஒழுங்காக இருக்கும். இங்கேயும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, வாங்கியவர் கட்டணம் கட்டி உணவைச் சோதனைக்கு அனுப்பலாம் என்கிறது. ஐம்பது ரூபாய் மிளகாய்த்தூளுக்கு யார் போய் வரிசையில் நிற்பார்கள்?

பெயர் இருப்பதா இல்லாததா என்பதில் நம் அரிசி வியாபாரிகள் அடித்த கூத்து தனி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு செய்த பிராண்ட் பெயர் போட்டுப் பையில் அடைத்த அரிசிக்கு மட்டும் 5 சதவீத வரி. உடனே பலர், வருஷக்கணக்கில் வளர்த்த பெயரின் மீது தங்களுக்கு உரிமையே இல்லை என்று பையில் எழுதிக் கொடுத்தார்கள். 2022 ஜூலை 18-லிருந்து பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 25 கிலோ வரை அடைத்து விற்கிற அரிசிக்கெல்லாம் வரி. உடனே பிறந்தது 26 கிலோ மூட்டை! மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் விளைந்த பொன்னியாக இருந்தாலும், அந்த ஒரு கிலோ சேர்ந்தால் வரி இல்லை. மாதம் ஒரு மூட்டை ஆகிற குடும்பம் சூப்பர் மார்க்கெட்டின் 5 கிலோ பளபளப் பையை வாங்க ஒரு காரணமும் இல்லை. அரிசி மண்டிக்குப் போங்கள், ஒரு படி வாங்கி வடித்துப் பாருங்கள், பிடித்தால் மூட்டை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயில் பாதையில் பாலூர் என்று ஒரு ஸ்டேஷன். ரயில் நீர் பாட்டிலில் அடைக்கும் ஆலை ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு லிட்டர் 15 ரூபாயாக இருந்தது, 2025 செப்டம்பரில் 14 ஆகக் குறைத்தார்கள். விளம்பரத்தில் யாரும் மலையிலிருந்து குதிப்பதில்லை. நான் பல வருஷமாகக் குடிக்கிறேன், தாகம் தீர்கிறது. கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரத்தில், அர்ஜுனன் தபசு எதிரே வெயிலில் நிற்கிற டூரிஸ்ட்டின் கையில், தெரிந்த பிராண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி எழுத்து மாற்றிய பெயரோடு ஒரு பாட்டில் இருக்கும். விலை மட்டும் அண்ணன் விலை. மலிவும் இல்லை, பிராண்டும் இல்லை. இருக்கிறதிலேயே மோசமான வகை இதுதான்.

உப்பு விஷயத்தில் சித்தி மகன் என்னை மடக்கப் பார்த்தான். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் உப்பளம். "இங்கயே வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கான். நாம எதுக்கு ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அவ்ளோ குடுக்கணும்?" ரவைக்குச் சொன்ன நியாயம் உப்புக்கும்தானே என்கிறான். பாதி சரி. தூள் உப்பில் பெரிய பெயருக்கும் சின்னப் பெயருக்கும் நாக்குக்கு வித்தியாசம் கிடையாது, விலை குறைந்ததையே எடு. ஆனால் அளத்தில் குவிந்திருப்பதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். 2006-லிருந்து நேரடியாகச் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் கழித்துக் கழுத்தில் தெரியும், பிள்ளையின் படிப்பில் தெரியும். கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, பாக்கெட்டில் எழுதியிருக்கும்.

"அப்ப லிஸ்ட்டு போட்டுக் குடு" என்றான். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை, ரவை, மைதா, சேமியா, உப்பு எல்லாம் தள்ளுபடிக் கடையில், கடைப் பெயரிலேயே. பருப்பு தேதி பார்த்து. எண்ணெய் எடை பார்த்து, 'விளக்கேற்ற மட்டும்' என்று மூலையில் இருக்கிறதா என்றும் பார்த்து. டீத்தூள் பழகிய பிராண்ட். மிளகாய்த்தூளும் சாம்பார் பொடியும் சித்தி காயவைத்து மெஷினில் அரைப்பது.

சித்தி லிஸ்ட்டை வாங்கிப் படித்துவிட்டு, "பெருங்காயத்தை உட்டுட்டியே?" என்றாள். அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். 'கூட்டுப் பெருங்காயம்' என்று போட்டு, கோதுமை மாவு, கோந்து என்று வரிசையாக இருந்தது. பெரிய பிராண்ட்தான். சித்தி நாற்பது வருஷமாக வாங்குவது.

"மாவா? பரவால்ல, வாசனை வருதில்ல" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.